படம் விற்ற பணம் யாருக்குப் போகிறது?

எம்.எஃப். ஹுசைன் 1954இல் வரைந்த ‘கிராம் யாத்ரா’ 2025 மார்ச்சில், நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டிஸ் ஏலத்தில் ஏறக்குறைய 118 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த வாரம் என் ஓவிய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஓவியராகிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். “இதில் ஹுசைனுக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். ஹுசைன் 2011இலேயே காலமாகிவிட்டார். படம் வரையப்பட்ட காலத்தில் டில்லியில் வேலை பார்த்த ஒரு டாக்டர் அதை வாங்கி, பின்னாளில் ஓஸ்லோவில் உள்ள மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். ஏலத்தில் விற்றது அந்த மருத்துவமனைதான். பணம் இளம் மருத்துவர்களின் பயிற்சிக்கு. இதைச் சொன்னதும் வகுப்பில் சத்தமே இல்லை.

அங்கிருந்துதான் இந்தப் பாடத்தைத் தொடங்கினேன். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து சனிக்கிழமை போதும். படம் நல்லதா, புரிகிறதா என்ற பேச்சை அந்த ஐந்து நாளும் ஒதுக்கி வையுங்கள். ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது?

முதல் சனி: கணக்கு

இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸில் ஒரு படம் வரைய என்ன செலவாகும் என்று கடைக்கு நேரில் போய் விசாரித்து வரச் சொல்லுங்கள். கைபேசியில் பார்த்து எழுதக் கூடாது. கடைக்காரர் நாலு வகை வண்ணக் குழாயை எடுத்துப் போட்டு விலை சொல்லும்போதுதான் மனத்தில் பதியும். எங்கள் வகுப்பில் வந்த கணக்கு: கேன்வாஸ் 1,200, வண்ணமும் தூரிகையும் 1,500, ஃபிரேம் 2,000. மொத்தம் 4,700 ரூபாய். வரைய 40 மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

படத்துக்கு 20,000 ரூபாய் விலை. கேலரியின் பங்கு இடத்துக்கு இடம் மாறும். பொதுவாக 30 முதல் 50 விழுக்காடு. நாங்கள் 40 போட்டோம். 8,000 போனது, கையில் 12,000. செலவைக் கழித்தால் 7,300. ஒரு மணி நேரத்துக்கு 182 ரூபாய் 50 காசு. பிள்ளைகளுக்கு இது பரவாயில்லை என்று பட்டது.

இப்போது கரும்பலகையில் அடுத்த வரியை எழுதுங்கள். கண்காட்சியில் பத்துப் படம் மாட்டினால் பத்தும் விற்காது. மூன்று விற்றது என்று வையுங்கள். வரவு 36,000. பத்துப் படத்துக்கும் ஆன செலவு 47,000. நானூறு மணி நேரம் உழைத்ததற்கு 11,000 ரூபாய் நட்டம்.

“அப்ப அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் மிஸ்?” என்று ஒரு பெண் கேட்டாள். அந்த 11,000ஐ அழிக்காமல் பலகையின் ஓரத்தில் கட்டம் போட்டு வையுங்கள். மூன்றாம் வாரம் தேவைப்படும்.

கேலரிக்காரரை வில்லனாக்கி விடாதீர்கள். வாடகை, விளக்கு, அழைப்பிதழ், வாங்குபவர்களின் தொடர்பு எல்லாம் அவருடையது. பெயர் தெரியாத ஓவியரின் பத்துப் படத்தை ஒரு மாதம் சுவரில் வைத்திருப்பது அவருக்கும் பணயம்தான்.

இரண்டாம் சனி: புளியங்கொட்டை ஏலம்

ஆளுக்கு இருபது புளியங்கொட்டை கொடுங்கள். ஒன்று ஒரு லட்சம். ஒரு படத்தை ஏலம் விடுங்கள். ஒரு தரம், இரண்டு தரம் எல்லாம் முறையாக நடக்கட்டும். தொடங்குமுன் மடித்த சீட்டு ஒன்று ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான சீட்டில் ‘படம் பிடித்தால் கேளுங்கள்’ என்றிருக்கும். ஒன்றில் மட்டும், ‘இதே ஓவியரின் ஐந்து படங்கள் உங்கள் வீட்டில் இருக்கின்றன’. இன்னொன்றில், ‘உங்கள் போட்டியாளர் இதை வாங்கக் கூடாது’. விற்பவரிடம் ‘எட்டு லட்சத்துக்குக் கீழே கொடுக்கமாட்டேன்’ என்ற ரகசியச் சீட்டு.

எங்கள் வகுப்பில் பதினேழு கொட்டைக்குப் போனது. பிறகு சீட்டுகளைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன். ஐந்து படம் வைத்திருந்த பையன்தான் விடாமல் விலையை ஏற்றியவன். இந்தப் படம் கைக்கு வராவிட்டாலும் வீட்டிலிருக்கும் ஐந்தின் மதிப்பு ஏறுமே என்று அவனே விளக்கினான். இரண்டு பேர் விடாப்பிடியாக நின்றாலே விலை எகிறும், அதற்கு ஊரே கேட்க வேண்டியதில்லை என்பதை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. உண்மையான ஏலத்தில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

அதே நாளில் 1973ஆம் ஆண்டுக் கதையைச் சொல்லுங்கள். நியூயார்க்கில் டாக்ஸித் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர், ராபர்ட் ராஷன்பர்க் என்ற ஓவியரின் ‘தா’ என்ற படத்தை, தான் 900 டாலருக்கு வாங்கியதை, ஏலத்தில் விற்றார். 85,000 டாலருக்குப் போனது. ஓவியருக்கு ஒரு காசு இல்லை. ராஷன்பர்க் அங்கேயே ஸ்கல்லிடம் சண்டைக்குப் போனார். இந்த விற்பனையால் உன் மற்ற படங்களின் விலையும் ஏறுகிறதே என்பது ஸ்கல்லின் பக்கம். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். எங்கள் வகுப்பில் மணி அடித்த பிறகும் ஓயவில்லை.

கடைசியில் நம் சட்டத்தைச் சொல்லுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவுப்படி, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு. அது 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சட்டம் இருக்கிறது, பணம் கைக்கு வருவது அரிது. கேட்டு வாங்கத் தெரிந்த தலைமுறை வர வேண்டும் என்பதற்காகவே இதை நான் விடாமல் சொல்கிறேன்.

மூன்றாம் சனி: அந்த 11,000

கட்டம் போட்ட நட்டத்துக்கு வாருங்கள். இதை யாராவது ஏற்றுக்கொண்டால் அவர் புரவலர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, தன் அரசியர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். கொடுத்தவர் பெயர் நிற்க வேண்டும் என்பது அன்றே தொடங்கிவிட்டது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; அந்தப் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. கண்காட்சி நுழைவாயிலில் உள்ள நன்றிப் பலகையைப் பிள்ளைகள் படித்துப் பழக வேண்டும். கொடுத்தவர் யார், பதிலுக்கு என்ன கிடைத்தது, அதற்காக எந்தப் படமாவது சுவருக்கு வராமல் போயிருக்குமா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காது. ஆனாலும் கேட்க வேண்டும்.

புரவலர் என்றால் பணக்காரர் என்ற எண்ணத்தை உடைக்க ஹெர்பர்ட், டொரோதி வோகல் தம்பதியைப் பற்றிச் சொல்லுங்கள். நியூயார்க்கில் கணவர் தபால் ஊழியர், மனைவி நூலகர். ஒரு சம்பளத்தில் குடும்பம், மறு சம்பளத்தில் படங்கள். பெயர் வராத ஓவியர்களிடம் நேரில் போய் வாங்கினார்கள். சிறிய குடியிருப்பு, ஆயிரக்கணக்கான படைப்புகள். 1992இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நான்காம் சனி: ஈஞ்சம்பாக்கம்

சென்னைக்காரர்களுக்கு ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் பக்கம்தான். கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்த ஓவியர்களும் 1966இல் அமைத்த கலைஞர் கிராமம். புரவலரை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் 11,000க்கு அவர்கள் கண்ட விடை அதுதான்.

போனால் விலைப் பட்டியலைக் கேளுங்கள். கேலரிகளில் படத்தின் அருகே சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். பொட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். ஓவியரைச் சந்தித்தால் ‘எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள்’ என்று கேட்கக் கூடாது. ‘இந்த விலையை எப்படி முடிவு செய்தீர்கள்’ என்று கேட்கலாம்.

ஐந்தாம் சனி: வாங்குவது

இதைத் தவிர்க்காதீர்கள். எங்கள் வகுப்பில் 32 பேர், ஆளுக்கு 50 ரூபாய், மொத்தம் 1,600. ஓர் இளம் ஓவியரிடமிருந்து நேரடியாக ஒரு சிறிய கோட்டோவியம் வாங்கினோம். எதை வாங்குவது என்பதில் இரண்டு வாரம் சண்டை. ரசீதில் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு, விலை, வாங்கியவர் எல்லாம் இருக்க வேண்டும். படம் கைமாறிய வரலாறு தெளிவாக இல்லாவிட்டால் பின்னாளில் அசல்தானா என்ற சந்தேகம் வரும், விலையும் விழும்.

படம் இப்போது மாதம் ஒரு வீட்டில் இருக்கிறது. பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் வீட்டுக்காரர் பெயரும் தேதியும் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். போன மாதம் ஒரு பையனின் அம்மா அதை அடுப்புக்கு எதிரே மாட்டிவிட்டார். எண்ணெய்ப் பிசுக்குப் படியும் என்று அவன் அன்றிரவே கழற்றிக் கூடத்தில் மாட்டினானாம். தாளில் ஒன்பதாவது பெயர் அவனுடையது.