பெட்டிக்குள் இருந்துகொண்டு முகவரி கேட்கலாமா?

இரண்டு ஊர்களில் உள்ள இருவர் கணினி வழியே முகம் பார்த்துப் பேசுகின்றனர் எனக் கொள்வோம். இருவருடைய கணினிகளும் ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால், சில வேளைகளில் அவை ஒன்றையொன்று நேராக எட்ட முடிவதில்லை. அப்போது நடுவில் ஒரு ரிலே சர்வர் நின்று, இவருடைய தகவல் பொட்டலங்களை வாங்கி அவரிடம் சேர்க்கிறது. இம்முறைக்கு 'டர்ன்' என்று பெயர். அந்தச் சர்வர் முதலில் சொல்ல வேண்டியது, "பொட்டலங்களை இந்த ஐ.பி. முகவரிக்கு அனுப்புங்கள்" என்பதே. முகவரி தவறானால் அழைப்பு மணி அடிக்கும். ஆனால் குரலும் வராது, படமும் வராது.

இத்தகைய சர்வர்களை இந்நாளில் 'கன்டெய்னர்' எனும் பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். இரும்புப் பெட்டியன்று, ஒரு நிரலைப் பிறவற்றிலிருந்து பிரித்து, தனி வலையமைப்பும் கொடுத்து வைக்கும் ஏற்பாடு. 2013-இல் வெளிவந்த 'டாக்கர்' இதைப் பரவலாக்கியது. பெட்டிக்குள் இருக்கும் சர்வர் தன் முகவரியைப் பார்த்தால், 172.17.0.2 என்பது போல ஓர் எண் தெரியும். பொய்யன்று, ஆனால் வெளியே செல்லாது. 10 என்றும், 192.168 என்றும், 172.16 முதல் 172.31 வரையிலும் தொடங்கும் எண்கள் உட்புறப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. உலகெங்கும் எத்தனையோ பெட்டிகள் இதே எண்ணைத் தாங்கியிருக்கும்.

சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் என்ன சோதனை செய்தாலும், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய முடியாது என கலிலியோ 1632-இல் எழுதினார். சன்னலைத் திறந்து வெளியே பார்த்தாக வேண்டும். நம் சர்வரின் நிலையும் அதுவே.

ஆகவே அது வெளியுலகில் உள்ள ஒரு 'ஸ்டன்' சர்வருக்கு ஒரு சிறு பொட்டலம் அனுப்புகிறது. வழியில் தாய்க்கணினியும் ரூட்டரும் அனுப்புநர் முகவரியை மாற்றிவிடுகின்றன. அந்த மாற்றமே நமக்கு வேண்டியது! "உன் பொட்டலம் 203.0.113.5-இலிருந்து வந்தது" என்று பதில் வருகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. சில ரூட்டர்கள், பதிலின் உள்ளே எழுதியிருந்த முகவரியையும் 'திருத்தி' உட்புற எண்ணாக்கிவிட்டன! வேண்டாத உதவி. எனவே 2008-இல் வந்த விதியில், முகவரியை மறைத்து அனுப்பச் செய்தார்கள். 33.18.164.66 என்னும் மாறாத எண்ணோடு 'எக்ஸ்-ஆர்' செய்ய வேண்டும்; அதாவது இரு பிட்டுகள் ஒன்றானால் 0, வேறானால் 1. முதல் பகுதியை நீங்களே போட்டுப் பாருங்கள்: 203 என்பது 11001011, 33 என்பது 00100001, விடை 11101010, அதாவது 234. முழு முகவரியும் 234.18.213.71 ஆகிவிடும். ரூட்டருக்கு இது அடையாளம் தெரியாது. பெறுபவர் மீண்டும் 33-உடன் எக்ஸ்-ஆர் செய்தால் 203 திரும்பிவிடும்.

முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. தாய்க்கணினி வெளியிலிருந்து வரும் பொட்டலங்களைப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். வழக்கமாக 49152 முதல் 65535 வரையுள்ள துறை எண்களில் ரிலே நடக்கும். சில அமைப்புகளில், வெளியே போகும் வாசலும் உள்ளே வரும் வாசலும் வெவ்வேறு. அங்கே ஸ்டன் சொல்லும் விடை பயன்படாது. நிர்வாகியே முகவரியைக் கையால் எழுதி வைப்பார். மற்ற இடங்களில், வாடகைக் கணினி நின்று மறுபடி தொடங்கும்போது முகவரி மாறிவிடலாம் என்பதால், சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் புதிதாகக் கேட்டுக்கொள்கிறது.