தோட்டப் பாதுகாப்புக் குழுவும் அங்கத்தினர் கடமையும்

பொழுது புலருமுன் நெற்றி விளக்கின் ஒளியில் நிரைக்குச் செல்பவர்கள் நாம். குளிர்ந்த அதிகாலையில் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போது வெட்டினால் பால் நன்கு வடியும். ஆகவே இருளோடு எழுந்து வேலை தொடங்குவது இத்தொழிலின் இயல்பாயிற்று. அந்த இருளிலேதான் பனி நனைந்த சரிவு காலை வழுக்குகிறது. பாம்பும் குளவிக் கூடும் கண்ணுக்குப் புலப்படாமல் கிடக்கின்றன. கூரிய வெட்டுக் கத்தி கை தவறுகிறது. வெயிலேறிய பின்னர்ப் பால் கொட்டகையில் ஃபார்மிக் அமிலமும் அம்மோனியாவும் காத்திருக்கின்றன. களைக்கொல்லி அடிப்போருக்கு உள்ள ஆபத்தோ தனி.

இவ்வாபத்துகளை யார் நன்கு அறிவர்? அலுவலகத்தில் இருப்பவர் கணக்கை அறிவார். எந்த நிரையில் எந்த மரம் பட்டுப்போய்ச் சாயும் நிலையில் உள்ளது என்பதை அந்த நிரையில் நாள்தோறும் நடப்பவரே அறிவார். அவரது அறிவு நிர்வாகத்தின் காதுக்கு எட்டினால் ஓர் உயிர் காப்பாற்றப்படும். எட்டாவிட்டால் விபத்து நடந்த பின்னர்தான் அது வெளிவரும். இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமைந்ததே பாதுகாப்பு, சுகாதாரக் குழு. அக்குழுவை உயிரோடு நடத்துவது எங்ஙனம், அதன் அங்கத்தினரை ஊக்கத்தோடு ஈடுபடுத்துவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சட்டம் தந்த இடம்

1972ஆம் ஆண்டு பிரிட்டனில் ராபென்ஸ் பிரபு தலைமையிலான குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆபத்தை உண்டாக்குவோரும் அந்த ஆபத்தின் நடுவே வேலை செய்வோரும் கூடிப் பொறுப்பேற்றாலொழிய விபத்துகள் குறையா என்பது அதன் சாரம். நம் நாட்டுச் சட்டமும் இக்கருத்தைத் தழுவியதே. 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து, 20க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாடு மறக்கவில்லை. அதன் பின்னர், 1994ஆம் ஆண்டில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது.

இச்சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி பாதுகாப்பு, சுகாதாரக் குழுவை அமைத்தாக வேண்டும். குழு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 1996ஆம் ஆண்டு விதிகள் வகுத்துரைக்கின்றன. தொழிலாளர் எண்ணிக்கை 100க்கு மேற்படாத இடத்தில் நிர்வாகத்தின் சார்பில் குறைந்தது இருவரும் தொழிலாளர் சார்பில் குறைந்தது இருவரும் இருத்தல் வேண்டும். 100க்கு மேற்பட்டால் இரு தரப்பிலும் குறைந்தது நால்வர். முதலாளியோ அவர் அதிகாரமளித்த நிர்வாகியோ தலைவராக இருப்பார். மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் குழு கூட வேண்டும்; வேலையிடத்தையும் அவ்வாறே சுற்றிப் பார்வையிட வேண்டும்.

2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஐவரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு, சுகாதார ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கக் கோருகிறது. ஆகவே சிறு தோட்டத்தாரும் இப்பாடம் தமக்குரியதன்று என்று ஒதுங்க வேண்டியதில்லை.

குழு ஏன் உறங்கிவிடுகிறது?

சட்டம் நாற்காலியைப் போட்டுத் தரும். அமர்பவருக்கு ஊக்கத்தை அதனால் ஊட்ட முடியாது. பெயர்ப்பட்டியல் சுவரில் தொங்க, கூட்டக் குறிப்பு கோப்பில் கிடக்க, குழு மட்டும் உறங்குவதுண்டு. இதற்குக் காரணம் என்ன?

60 பேர் வேலை செய்யும் ஒரு தோட்டத்தை எண்ணிப் பார்ப்போம். வாய்க்காலைக் கடக்கப் போட்ட பலகைப் பாலம் உளுத்துப்போயிருக்கிறது. காண்டாக் கம்பில் இரு வாளிப் பாலையும் சுமந்து அதன் மீது வரும் ஓர் அம்மாள், பலகை முறிவதற்குள் கரையேறித் தப்பிவிடுகிறார். இச்செய்தியைப் பிரதிநிதியிடம் சொல்கிறார். பிரதிநிதி கூட்டத்தில் சொல்கிறார். “கவனிப்போம்” என்று குறிப்பில் எழுதப்படுகிறது. மூன்று மாதம் கழிகிறது. பலகை அவ்வாறே கிடக்கிறது. அந்த அம்மாளுக்கு எவரும் ஒரு பதிலும் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் வேறோர் ஆபத்தைக் காணும்போது வாய் திறப்பாரா? திறக்கமாட்டார். “சொல்லி என்ன பயன்?” என்பார். அவரைப் பார்த்து மற்றவரும் மௌனமாவர்.

இங்கே குழுவை உறங்கச் செய்தது பணப் பற்றாக்குறையன்று, பகையுமன்று. சொன்னவருக்குப் பதில் திரும்பி வராமையே காரணம். அங்கத்தினரை ஈடுபடுத்தும் கலையின் ஆணிவேர் இதுவே: கேட்ட ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில், சொன்னவரிடமே திரும்பிச் சேர வேண்டும். “செய்தாயிற்று” என்பதும் பதில். “இன்ன நாளில் செய்வோம்” என்பதும் பதில். “இன்ன காரணத்தால் இயலாது, ஆகவே மாற்றுவழி இது” என்பதும் பதிலே. பதிலின்மை ஒன்றே குழுவைக் கொல்லும் நஞ்சு.

தலைவர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவதாக, கூட்ட நேரம் தொழிலாளிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பால் நிறுத்து முடித்து, பசியோடும் களைப்போடும் நிற்பவரை உடனே அழைத்து அமர்த்தினால் அவர் மனம் வீட்டிலே இருக்கும். சிறிது ஓய்வுக்குப் பின், சம்பளம் குறையாத வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூட்டம் நடத்துவது நன்று.

இரண்டாவதாக, கூடுவதற்கு முன்னர் நடக்க வேண்டும். இரு தரப்பு அங்கத்தினரும் ஒன்றாக நிரைக்கும் மருந்து வைக்கும் அறைக்கும் பால் கொட்டகைக்கும் சென்று பார்த்துவிட்டு வந்து அமர்ந்தால் வாதம் குறையும். கண்ட பொருளைப் பற்றியே பேச்சு நிகழும். மேசையருகே பேசத் தயங்கும் தொழிலாளி, தம் மரத்தடியில் தயங்கமாட்டார்.

மூன்றாவதாக, தலைவர் கடைசியாகப் பேசுவது நலம். நிர்வாகி முதலில் தம் கருத்தை உரைத்துவிட்டால், அதனை மறுத்துப் பேச எத்தனை பேர் துணிவர்? தொழிலாளர் பிரதிநிதிகள் முதலிலும் மண்டோரும் கிராணியும் அடுத்தும் தலைவர் இறுதியிலும் பேசும் முறையை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

நான்காவதாக, ஒவ்வோர் அங்கத்தினருக்கும் ஒரு பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒருவர் முதலுதவிப் பெட்டியைப் பார்ப்பார். ஒருவர் அமிலம் கலக்கும் இடத்தில் கண் கழுவும் தண்ணீர் உண்டா என்று பார்ப்பார். ஒருவர் பாலங்களையும் பாதைகளையும் பார்ப்பார். ஒருவர் தெளிப்பான்களில் கசிவு உண்டா என்று பார்ப்பார். வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் விரைவில் வராமல் நின்றுவிடுவார். தமக்கென ஒரு வேலை உடையவர் வருவார்.

பிரதிநிதி கடைப்பிடிக்க வேண்டியவை

தொழிற்சங்கக் கூட்டம் நம் மக்களுக்குப் புதிதன்று. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான நாள் முதல், கிளைக் கூட்டம் கூட்டவும் தீர்மானம் எழுதவும் தோட்ட மக்கள் பழகியுள்ளனர். அப்பழக்கம் இங்கும் துணைபுரியும். எனினும் ஒரு வேற்றுமையை நாம் உணர வேண்டும். சங்கம் சம்பளத்துக்கும் சலுகைக்கும் பேரம் பேசும் மன்றம்; பாதுகாப்புக் குழு ஆபத்தைக் கண்டு களையும் மன்றம். சம்பளப் பூசலை இங்கே கொண்டுவந்தால் இரண்டும் கெடும். விபத்துக்கு எதிராக நிர்வாகமும் தொழிலாளரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள்.

பெரட்டு நேரத்தில் வாரத்துக்கு ஒரு நாளேனும் பிரதிநிதி சக தொழிலாளரிடம், “இந்த வாரம் யாராவது வழுக்கினீர்களா? எதிலாவது தப்பினீர்களா?” என்று கேட்க வேண்டும். நூலிழையில் தப்பிய நிகழ்ச்சி ஒவ்வொன்றும் நாளைய விபத்தின் முன்னறிவிப்பாகும். கேட்டதைச் சிறு குறிப்பேட்டில் நாள், இடம், சொன்னவர் பெயருடன் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டாம் என்பாரின் பெயரை விட்டுவிடலாம்.

தப்பியவரைக் குற்றம் சாட்டலாகாது. “கவனமில்லாமல் நடந்தாய்” என்று கடிந்தால் அடுத்தவர் மறைத்துவிடுவார். “சொன்னாயே, நல்லது” என்று பாராட்டினால் பத்துப் பேர் சொல்ல முன்வருவர். குறையைச் சொன்னவரின் பெயரை, அவர் இசைந்தால், கூட்டத்திலேயே குறிப்பிட்டு நன்றி கூறுவது மிகச் சிறந்த ஊக்கம்.

கூட்டம் முடிந்த மறுநாள் பெரட்டிலே மூன்று செய்திகளைப் பிரதிநிதி அறிவிக்க வேண்டும்: என்ன குறை, யார் செய்வார், எந்நாளுக்குள். இதனையே பெரிய எழுத்தில் எழுதிப் பால் கொட்டகைச் சுவரில் ஒட்டலாம். அந்நாள் வந்ததும் முடிந்ததா இல்லையா என்பதையும் அங்கேயே எழுத வேண்டும்.

எல்லாரையும் சேர்த்துக்கொள்ளல்

இன்று பல தோட்டங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் நம்மோடு வேலை செய்கின்றனர். ஒரு மொழியில் மட்டும் அறிவிப்பு எழுதினால் மற்றவருக்கு அது சுவரின் கறையே. அவர்களுள் மலாய்மொழி அறிந்த ஒருவரையேனும் குழுவின் நடவடிக்கைகளில் சேர்த்துக்கொள்வது அவசியம். அவர் அறியாமல் திறந்து வைத்த மருந்துக் குப்பி நம் பிள்ளைகளுக்கும் ஆபத்தாகும் அன்றோ?

பெண்களையும் மறக்கலாகாது. நம் தோட்டங்களில் மருந்து அடித்தலும் உரம் போடுதலும் பெரும்பாலும் பெண்கள் செய்துவந்த வேலைகள். கொடிய நஞ்சான பாராகுவாட் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் எஞ்சிய மருந்துகளும் தீங்கற்றவை அல்ல. கருவுற்ற பெண் மருந்து அடிக்கும் கூட்டத்தில் இருப்பதை ஆண் பிரதிநிதியிடம் சொல்லக் கூசலாம். பெண் பிரதிநிதியிடம் சொல்வார். ஒரு பெண்ணேனும் குழுவில் இருக்க வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதிய காரணம்.

அச்சம் வேண்டா

“குறை சொன்னால் வேலை போய்விடுமோ?” என்னும் ஐயம் பலர் வாயைக் கட்டுகிறது. சட்டத்தின் 27ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. பாதுகாப்பற்றது என்று தாம் கருதும் ஒன்றைப் பற்றி முறையிட்டதற்காகவோ, குழுவின் அங்கத்தினராக இருப்பதற்காகவோ, அந்தப் பணியைச் செய்ததற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்கவும் அவரது நிலையைத் தாழ்த்தவும் கூடாது. 26ஆம் பிரிவின்படி, சட்டத்துக்கு இணங்க வழங்கப்படும் கையுறை, காலணி, கண்ணாடி முதலியவற்றுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கலாகாது.

2024ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் ஓர் உரிமையைச் சேர்த்தது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்காவிடில் தொழிலாளி அவ்விடத்தை விட்டு அகலலாம். அதே திருத்தம், கடமை தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்ச வரம்பை 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்த்தியது. தொழிலாளிக்கும் கடமை உண்டு: தரப்பட்ட காப்புக் கருவியை அணிவதும், தம் செயலால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் சட்டம் விதித்தவையே.

ஒரு குறை பல முறை பேசியும் தீரவில்லை என்றால் என் செய்வது? அது கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு முறையும் பதிவு பெறச் செய்ய வேண்டும். தீர்க்க இயலாத நிலையில், தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தலைமை இயக்குநரை வேலையிடத்தைச் சோதிக்குமாறு வேண்டும் அதிகாரம் குழுவுக்கே உண்டு. விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாள், இடம், கண்டவர் பெயர் ஆகியவை குழுவின் குறிப்பில் ஒழுங்காக இருந்தால், காயமுற்றவரின் குடும்பம் உதவித்தொகை கோரும்போது அது வலுவான சான்றாகும்.

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பர். வடத்தைப் பிடிக்க மக்கள் வர வேண்டுமானால், நேற்று இழுத்ததில் தேர் நகர்ந்தது என்பதை அவர்கள் கண்ணாரக் காண வேண்டும். உளுத்த பலகை ஒன்று ஒரே வாரத்தில் மாற்றப்படட்டும்; சொன்ன அம்மாளுக்கு அச்செய்தி பெரட்டிலே சொல்லப்படட்டும். அடுத்த கூட்டத்துக்குக் குறைகள் தாமே வந்து சேரும். அவை தீரும்தோறும் தோட்டத்தில் ஆபத்துகள் குறையும்.

கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் தோட்டக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் யார் யார்? அவர்களை எல்லாரும் அறிவோமா?

2. சென்ற கூட்டத்தில் சொன்ன குறைகளுள் எத்தனைக்குப் பதில் திரும்பி வந்தது?

3. கடந்த ஒரு மாதத்தில் நூலிழையில் தப்பிய நிகழ்ச்சிகள் எவை? அவற்றை யாரிடம் சொன்னோம்?

4. பெண்களின் குரலும் அயல்நாட்டுத் தோழர்களின் குரலும் குழுவுக்கு எட்டுகின்றனவா? இல்லையெனில் நாம் செய்யத்தக்கது யாது?