செம்பருத்தி வேலியும் மாவுப்பூச்சியும்

துத்திக் குடும்பத்துச் செடிகளில் பருத்தி, வெண்டை, புளிச்சை ஆகியவை குடியானவருக்குப் பொருள் தருவன. அதே குடும்பத்துச் செம்பருத்தியோ கிணற்று மேட்டிலும் புறக்கடையிலும் கேட்பாரின்றி வளர்வது. பூசைக்குப் பூவும் தலைமுழுக்குக்கு இலையும் தருவதோடு அதன் பிரயோஜனம் முடிந்ததென்று எண்ணுவோரே பலர். கவனிப்பாரற்ற செம்பருத்தி வேலி அடுத்த கொல்லையின் பப்பாளிக்கும் மரவள்ளிக்கும் கேடு விளைவிக்கக் கூடுமாகையால், சங்க அங்கத்தினர்கள் இச்செடியின் தன்மையை அறிந்திருத்தல் அவசியம்.

செம்பருத்தி நம் தோட்டங்களில் காய்த்து விதை கொடுப்பது அரிது. கொடுத்தாலும் அவ்விதையில் முளைத்த கன்று தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்பது நிச்சயமில்லை. ஆதலால் குச்சி நட்டே இது விருத்தி செய்யப்படுகிறது. எழுதுகோல் பருமனில், மிக முற்றாததும் மிக இளசல்லாததுமான கிளையைத் தேர்ந்து, 6 முதல் 8 அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்துக் கொள்ள வேண்டும். கீழ் இலைகளைக் களைந்துவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையும்படி மணற்பாங்கான பாத்தியில் நிழலில் ஊன்றி ஈரம் காத்து வந்தால், ஒன்று அல்லது ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். வேலிக்கு 3 அடி இடைவெளி போதுமானது. மழைக்காலத் தொடக்கத்தில் மக்கிய எரு இட்ட குழிகளில் நடுவது உத்தமம்.

நீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது. பல நாள் காயவிட்டுப் பின்னர் ஒரேயடியாக நீர் பாய்ச்சினால் மொட்டுகள் உதிரும். இதைத் திருஷ்டியென்று கருதிப் பரிகாரம் தேடுவோரும் உண்டு. பூ புதுத் துளிரிலேயே வருவதால், வேலியை ஓயாமல் மட்டமாகக் கத்தரிப்பவர் பூவை இழப்பர். பூ வேண்டுவோர் ஆண்டுக்கொரு முறை நன்றாகக் கழித்து, பின்பு துளிரை ஓடவிடுதல் நலம்.

இனி மாவுப்பூச்சியின் விஷயம். மெக்ஸிகோ பிரதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, 2008-ஆம் வருஷம் கோயம்புத்தூரில் காணப்பட்டது. அடுத்த இரண்டு வருஷங்களில் கொங்கு நாட்டுப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களுக்கு அது பெருஞ்சேதம் உண்டாக்கிற்று. செம்பருத்தியும் அதற்கு விருப்பமான உணவு. பயிர் அறுவடையானபின் வயல் வெறுமையாகிறது. செம்பருத்தியோ வருஷம் முழுவதும் பசுமையாய் நிற்கிறது. பயிரில்லாக் காலத்தில் பூச்சிக்கு அதுவே சத்திரம்.

நுனித்துளிர் சுருண்டு, கணுக்களில் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றினால் மாவுப்பூச்சி என்று கொள்ளலாம். அப்பஞ்சினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். குஞ்சுகள் காற்றிலும் பாசன நீரிலும் பரவும்; பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்து வேறு கிளைக்கும் கொண்டு செல்லும். அண்டை வீட்டில் இரவல் வாங்கும் குச்சியோடும் பூச்சி வருவதுண்டு. ஆகவே கணுக்களைச் சோதியாமல் எக்குச்சியையும் ஊன்றலாகாது.

கண்டவுடன் துளிரை அறுத்து, தரையில் போடாமல் கோணியில் இட்டு அப்புறப்படுத்திக் கொளுத்த வேண்டும். செடி முழுவதும் பற்றியிருந்தால், 1 லிட்டர் நீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சவர்க்காரத்தோடு கரைத்து மாலையில் தெளிக்கலாம். சவர்க்காரமின்றித் தெளித்த மருந்து மெழுகுப் பூச்சின்மேல் ஒட்டாமல் வழிந்துவிடும். ஒருவர் மாத்திரம் செய்து அடுத்தவர் சும்மா இருப்பின் பயனில்லை. வாய்க்காலோர வேலிகளை உடையவர்கள் யாவரும் ஒரே வாரத்தில் செய்தல் வேண்டும்.

கடும் விஷமருந்துகளை அடித்தல் இங்கே பெரும் பிழை. 2010-ஆம் வருஷம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட நுண்ணிய குளவிகள் தமிழ்நாட்டில் விடப்பட்டன. அவற்றாலேயே இப்பூச்சியின் கொடுமை தணிந்தது. விஷமருந்து அக்குளவிகளையும் கொன்றுவிடும். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி ஊதிப் பழுப்பு நிறமாகி அசையாது ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தகையவை மிகுந்த கிளைகளைக் கொளுத்தாமல், குளவிகள் வெளிவரும் வரை செடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.