ஒரே குறி, நாலு தயக்கம்?

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பலர் போயிருப்பீங்க. அதே தெருவில் 1878-இல் திறக்கப்பட்ட மகேன் அபோத் என்ற யூத ஆலயமும் இருக்கு. யூதர்கள் தங்கள் வேதமான தோராவை ராகத்தோடுதான் ஓதுவாங்க. ஆனால் ஓதும் சுருளில் ராகக்குறி ஒன்றுகூட இருக்காது. அச்சுப் புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வரணும்.

அந்தக் குறிகளின் பெயர் தெஆமிம். எபிரேய மொழியில் 'தஆம்' என்றால் சுவை. பொருள் என்றும் அர்த்தம் உண்டு. சுமார் 930-இல் எழுதப்பட்ட அலெப்போ ஏட்டிலேயே இவை இருக்கு. அஷ்கனாசி, பாக்தாத், ஏமன் யூதர்களுக்கு ராகம் வேறு வேறு. குறி மட்டும் ஒன்றுதான். எங்கே அழுத்தணும், எங்கே நிறுத்தணும் என்பதையும் அதுவே சொல்லும்.

நிறுத்தம் மாறினால் பொருளே மாறும். ஏசாயா 40:3-இல் ஒரு குரல், ஒரு வனாந்தரம், வழி போடச் சொல்லும் கட்டளை மூன்றும் வருது. குறிப்படி குரலுக்குப் பிறகு நிறுத்தம். ஆக, வழிதான் வனாந்தரத்தில். கிறிஸ்தவ சுவிசேஷங்களிலோ வனாந்தரத்தில் இருப்பது குரல்.

இப்போ மறைபொருளுக்கு வருவோம். 'ஷல்ஷெலெத்', அதாவது சங்கிலி, என்ற குறி தோரா முழுக்க நாலே இடத்தில் வருது. லோத்து ஊரைவிட்டுக் கிளம்பத் தாமதிக்கிறான். ஆபிரகாமின் ஊழியர் பெண் தேடிப்போன இடத்தில் பிரார்த்திக்கிறார். போத்திபாரின் மனைவி அழைத்தபோது யோசேப்பு மறுக்கிறான். ஆரோனுக்குக் குருப்பட்டம் தரும் சடங்கில் மோசே ஆட்டை அறுக்கிறார். நாலு பேருக்கும் உள்ளே தயக்கம் என்பது உரைகாரர்கள் விளக்கம். லோத்து தயங்கினதை வசனமே சொல்லுது. யோசேப்புக்கோ 'மறுத்தான்' என்ற சொல் மட்டும்தான். அவன் மனப்போராட்டத்தை அந்தக் குறியில்தான் படிக்கிறாங்க.

அழகான விளக்கம்தான். ஆனா இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு நாலு சாம்பிள் போதுமா? சங்கீதம், நீதிமொழிகள், யோபு மூன்றுக்கும் குறிமுறை தனி. அவற்றை விட்டுட்டா, எபிரேய வேதத்தில் மொத்தம் ஏழு ஷல்ஷெலெத். ஏழுமே வசனத்தின் முதல் சொல்லில்! 'செகோல்' என்ற நிறுத்தக்குறி முதல் சொல்லில் வரவேண்டிய நிலை வந்தா, அதுக்குப் பதிலா இது வரும். இலக்கண விதி, அவ்வளவுதான். ஆமோஸ் 1:2, எஸ்றா 5:15 இரண்டிலும் குறி நிற்பது 'சொன்னார்' என்ற சாதாரணச் சொல் மேல்தான். அங்கே யாரு தயங்கினாங்க?

அதனால் தயக்கத்துக்கு இந்தக் குறியை ஆதாரமா காட்ட முடியாதுங்கிறது என் கருத்து. ஆனா 'மறுத்தான்' என்ற ஒரே சொல்லுக்குப் பிறகு நிறுத்தம் இருப்பது உண்மை. அஷ்கனாசி ராகத்தில் அந்தச் சொல்லை மேலும் கீழுமா நீளமா இழுப்பாங்க. ஆதியாகமம் 39:8-ஐ அந்த ராகத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. காரணம் சொல்ல யோசேப்பு வாய் திறக்கிறதுக்குள்ள நமக்கே பொறுமை போயிடும்.