மாதிரிக் கப்பலின் தரம் காணும் முறை

கடலில் ஓடும் கப்பலைக் கையளவாகச் செய்து பார்க்கும் ஆவல் மனிதனுக்குப் பழங்காலந்தொட்டே உண்டு. எகிப்து நாட்டின் தொன்மையான கல்லறைகளில் மரத்தால் ஆன சிறு படகுகள் கிடைத்துள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போர்க்கப்பல்களுக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில், அதாவது உண்மைக் கப்பலின் 48 அடிக்கு ஓரடி என்னும் கணக்கில், மாதிரிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பல இன்றும் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அரும்பொருளகத்தில் காக்கப்படுகின்றன. அக்கப்பல்கள் மறைந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எனினும் அவற்றின் வடிவத்தை அறிய இம்மாதிரிகள் ஆய்வாளருக்கு உதவுகின்றன. மாதிரியில் ஒரு பிழை இருந்திருப்பின் அப்பிழையும் வரலாறாகப் பதிந்திருக்கும் அல்லவா?

இன்று மாதிரிக் கப்பலை வாங்க விரும்புவோர் கடை தேடி அலைய வேண்டுவதில்லை. இணைய அங்காடியில் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து நிற்கின்றன. ‘முழுவதும் கைவேலை’, ‘அரும்பொருளகத் தரம்’ என்னும் சொற்கள் ஏறக்குறைய எல்லாப் படங்களின் கீழும் காணப்படும். பிறந்தநாள் பரிசாகவோ, தந்தையார் பணி ஓய்வு பெறும் நாளுக்கென்றோ பலர் சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்குகின்றனர். பெட்டியைத் திறந்த பின்னரே ஐயம் பிறக்கிறது. உடனே, ஒரே கப்பலைச் செய்ய இரண்டு மூன்று ஆண்டுகளைச் செலவிடும் பொழுதுபோக்குக் கலைஞர் ஒருவரிடம் அதனைக் காட்டிக் கருத்துக் கேட்கின்றனர். அவரோ ஐந்து நிமிடத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறார். அவர் எதைப் பார்த்துக் கூறுகிறார்? இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஓர் அளவுகோலும், ஆறாம் ஆண்டு மாணவர் அறிந்த வகுத்தல் கணக்குமே பெரும்பாலும் போதும்.

எடுத்துக்காட்டாகக் கட்டி சார்க் என்னும் கப்பலைக் கொள்வோம். உலகில் மிகுதியாக மாதிரி செய்யப்படும் கப்பல்களுள் அதுவும் ஒன்று. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1869-ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட அக்கப்பல், சீனத்துத் தேயிலையை இங்கிலாந்துக்கு விரைந்து கொண்டு செல்வதற்காகக் கட்டப்பட்டது. பின்னர் ஆஸ்திரேலியாவின் கம்பளியை ஏற்றிச் சென்றது. 1954 முதல் கிரீனிச்சில் நிற்கிறது. 2007-இல் தீவிபத்துக்கு உள்ளாகி, பழுது நீக்கப்பட்டு, 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. உண்மைக் கப்பல் இன்றும் இருப்பதால் ஒப்பிடுதல் எளிது.

அதன் உடலின் நீளம் ஏறத்தாழ 64.8 மீட்டர், அகலம் 11 மீட்டர். நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஆறுக்குச் சற்றுக் குறைவாக வரும். எனவே உடல் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மாதிரியின் அகலம் 10 சென்டிமீட்டரை ஒட்டியே இருத்தல் வேண்டும். விலைமலிவான மாதிரி ஒன்றை அளந்தால் 13, 14 என்று காட்டக்கூடும். தேயிலைக் கப்பல் கத்தி போல் நீரைக் கிழித்துச் செல்ல வேண்டியது. இதுவோ அரிசி மூட்டை ஏற்றும் தோணி போல் பருத்து நிற்கும். விற்பவர் தரும் நீளத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. கப்பலின் அணியத்திலிருந்து முன்னோக்கி நீண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தே அவர் அளந்திருப்பார். ‘80 சென்டிமீட்டர்க் கப்பல்’ என்று வந்தால், அதன் உடல் 60 சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். இதனைப் பொய் என்று கூற இயலாது. ஆனால் வாங்குபவர் மேசையில் எதிர்பார்த்த கப்பல் அதுவன்று.

அடுத்து, தேர்ந்த கண் உடையோர் தம் மனத்தில் ஒரு சிறு மனிதனைப் படைத்து, அவனைக் கப்பலின் தளத்தில் நடக்க விடுகின்றனர். நூற்றில் ஒரு பங்கு மாதிரி எனின் அம்மனிதனின் உயரம் 1.7 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு விரல் நகத்தின் அளவு. மலாக்கா ஆற்றங்கரையில் நிற்கும் கப்பல் வடிவ அரும்பொருளகத்தை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். 1511-இல் சுமத்திராவின் அருகே மூழ்கிய ஃபுளோர் டி லா மார் என்னும் போர்த்துக்கீசியக் கப்பலின் வடிவில் அமைந்து, 1994-இல் திறக்கப்பட்டது அது. அதன் தளத்தில் நின்றபோது கைப்பிடிக் கட்டை உங்களுக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். மலிவான மாதிரியின் தளத்தில் நடக்கும் நம் சிறு மனிதனுக்கோ கைப்பிடிச் சுவர் தலைக்கு மேல் நிற்கும்; சுக்கானைத் திருப்பும் சக்கரம் வீட்டுக் கூரையளவு இருக்கும்; அறையின் கதவு வழியே அவன் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். கயிற்றைச் சுற்றிக் கட்டும் முளை உண்மையில் முழங்கை நீளமே. நூற்றில் ஒரு பங்கில் அது 4 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் ஆயத்த முளைகளோ ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்டவை. அவற்றை வரிசையாகக் குத்தி வைத்தால் கப்பல் வேலி போட்ட தோட்டம் போல் தோன்றும்.

கயிறுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில் மாதிரியின் நேர்மை இங்கேதான் பெரிதும் புலப்படும். கட்டி சார்க்கில் 11 மைல் நீளக் கயிறுகள் உள்ளன. அவை இருவகைப்படும். பாய்மரத்தை அசையாமல் தாங்கி நிற்பவை ஒருவகை. இவை தார் பூசப்பெற்றுக் கறுத்திருக்கும். பாய்களையும், அவற்றைத் தாங்கும் குறுக்கு மரங்களாகிய பருமல்களையும் இழுக்கவும் தளர்த்தவும் பயன்படுபவை மற்றொரு வகை. இவை நார் நிறத்தில் இருக்கும். நல்ல மாதிரியில் ஒவ்வொரு கயிற்றுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. ஒரு கயிற்றைக் கண்ணால் பின்தொடர்ந்தால் அது ஒரு கப்பியில் நுழைந்து, கீழிறங்கி, ஒரு முளையில் சென்று முடியும். மட்டமான மாதிரியிலோ எல்லாக் கயிறும் ஒரே நிறம், ஒரே பருமன். ஒன்றரை மில்லிமீட்டர்ச் சணல் நூல் நூற்றில் ஒரு பங்குக் கப்பலில் 15 சென்டிமீட்டர்த் தடித்த வடமாகிவிடும். அதனைச் சிறு மனிதன் கையால் பற்றவும் இயலாது. சில நூல்கள் எங்கிருந்தோ புறப்பட்டு, பசையால் ஒட்டப்பெற்ற முடிச்சில் நின்றுவிடும். அப்படிப்பட்ட கப்பலில் ஒரு பாயைக்கூட ஏற்ற முடியாது.

பாய்த்துணியும் அத்தகையதே. உண்மைப் பாயை நூறில் ஒரு பங்காக மெலிதாக்கினால் அத்தனை மெல்லிய துணி உலகில் இல்லை. இதனை உணர்ந்த கலைஞர் பலர் பாய்களே இல்லாமல் மரங்களை மட்டும் நிறுத்துகின்றனர். விற்பனைக்கு வருவனவற்றில் பெரும்பாலும் விறைத்த கெட்டித் துணி இருக்கும். அட்டை போல் ஒரே வளைவாக வளைத்து வைக்கப்பட்டிருக்கும்.

கொடியைக் கவனியுங்கள். பாய்கள் முன்னோக்கிப் புடைத்திருக்க, மரத்தின் உச்சியில் உள்ள கொடியோ பின்னோக்கிப் பறக்கும்படி ஒட்டியிருப்பர். விரையும் மோட்டார் வண்டியில் கட்டிய கொடி பின்னால் பறப்பதைக் கண்ட பழக்கமே இப்பிழைக்குக் காரணம். வண்டியை இயந்திரம் தள்ளுகிறது. அது காற்றைக் கிழித்துச் செல்வதால் கொடி பின்னே போகிறது. பாய்க்கப்பலைத் தள்ளுவது காற்றேயாகும். பாய் முன்னே புடைத்தால், அக்காற்றில் கொடியும் முன்னே தான் பறக்கும். காற்றுப் பக்கவாட்டில் வந்தால் பக்கவாட்டில் பறக்கும். இப்பிழையை என் வகுப்பு மாணவர் சிலர் படத்தைக் கண்டவுடன் சொல்லிவிட்டனர். கப்பலையே கண்டிராத சிறுவர்கள் அவர்கள்!

இவ்வளவும் தெரிந்த பின் எதனைக் கண்டாலும் ‘குப்பை’ என்று கூறிவிடும் ஆசை எழுவது இயல்பு. பொழுதுபோக்குக் கலைஞருள் சிலரிடம் இக்குறை உண்டு. ஆனால் தீர்ப்புக் கூறுவோரும் தவறக்கூடும். நெல்சனின் தலைமைக் கப்பலாக 1805-இல் டிரபால்கர் போரில் நின்ற விக்டரியைப் பாருங்கள். அதன் உடலில் கறுப்பும் ஆழ்ந்த மஞ்சளும் மாறிமாறி வரும் பட்டைகளையே நெடுங்காலம் எல்லாரும் சரியான நிறம் என்று எண்ணினர். பழைய வண்ணப் பூச்சின் அடுக்குகளை ஆராய்ந்தபோது, போர்க்காலத்து மஞ்சள் மிக வெளிறியது, சற்றே இளஞ்சிவப்புச் சாயல் உடையது என்று தெரிந்தது. 2015-இல் கப்பலுக்கு அந்நிறமே மீண்டும் பூசப்பட்டது. வெளிறிய நிறத்தில் ஒரு மாதிரியை முன்னமே ஒருவர் செய்திருந்தால் அவரை எத்தனை பேர் நகைத்திருப்பர்!

மேலும், மலிவான கப்பலைச் செய்தவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். பெரும்பாலும் அவர் ஒரு பட்டறைத் தொழிலாளி. கட்டி சார்க்கை அவர் கண்டதில்லை. ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்த மற்றொரு மாதிரியே அவர் முன் இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை என்று எண்ணிக்கைக் கணக்கில் கூலி பெறுபவர் 4 மில்லிமீட்டர் முளையைச் செதுக்கிக்கொண்டிருந்தால் அவர் வீட்டு உலை கொதிக்குமா? அவருடைய கைத்திறனை இகழ்வது முறையன்று. வரவேற்பறை அலங்காரம் என்று சொல்லி அலங்காரத்துக்குரிய விலையில் விற்றால் யாருக்கும் குறையில்லை. அதன்மேல் ‘அரும்பொருளகத் தரம்’ என்று எழுதிப் பன்மடங்கு விலை வைப்பவரே வினாவுக்கு உரியவர். ஒருவர் பல ஆண்டு உழைத்து வரைந்த கப்பல் வரைபடங்களைக் கேளாமல் படியெடுத்து, ஒட்டிச் செய்யும் பெட்டிகளாக மலிவு விலைக்கு விற்பவரும் அவ்வாறே.

ஆதலின் வாங்குமுன் விற்பவரிடம் மூன்று செய்திகளைக் கேட்கலாம். எந்தப் பங்கு அளவில் செய்யப்பட்டது? முன்நீண்ட மரம் நீங்கலாக உடலின் நீளமும் அகலமும் எவ்வளவு? அணியத்தையும் அமரத்தையும், அதாவது கப்பலின் முன்புறத்தையும் பின்புறத்தையும், நேரே காட்டும் படங்கள் உண்டா? கட்டி சார்க்கின் அணியத்தில் கையை நீட்டிக் குதிரை வாலைப் பற்றிய வெண்ணிறப் பெண்ணுருவம் உண்டு. அவ்விடத்தில் பொன் பூசிய ஏதோ ஒரு பொம்மை இருப்பின் மற்றவற்றையும் அதைக்கொண்டே கணிக்கலாம்.

பரிசாக வந்துவிட்ட கப்பலை எறிந்துவிட வேண்டியதில்லை. தடித்த நூல்களை நீக்கி, பருமன் வேறுபட்ட மெல்லிய தையல் நூல்களை இடலாம்; தாங்கும் கயிறுகளுக்குக் கறுப்பு, இழுக்கும் கயிறுகளுக்கு வெளிர் பழுப்பு. பளபளக்கும் வார்னிஷை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மங்கச் செய்யலாம். கொடியைப் பிரித்துத் திருப்பி ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். உடல் பருத்திருந்தால் மட்டும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதன் மேலுள்ள பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால், பெயரில்லாத ஒரு வணிகக் கப்பலாக அது அலமாரியில் நிற்கும்.