பாரியோவுக்கு 20 அங்குலம் ஆகாது

கேள்வி: ஐயா, என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ். 20 அங்குல ஸ்போர்ட் ரிம் வாங்கி 265/50 டயர் மாட்டியிருக்கிறேன். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் போர்ட் கிள்ளானில் வண்டியைக் கப்பலேற்றி, கூச்சிங்கில் இறக்கி, மிரி வழியாகச் சரவாக் மலைநாட்டுப் பாரியோ வரை குடும்பத்தோடு போகத் திட்டம். மச்சான் எம்டி (சேற்று நிலத்துக்கான) டயர் போடச் சொல்கிறார். கடைக்காரரோ இந்த ரிம்முக்கே ஏடி (எல்லா நிலத்துக்குமான) டயர் வரும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், தாமான் ஸ்ரீ அண்டாலாஸ், கிள்ளான்

பதில்: இருவருமே டயரின் பூவை, அதாவது தரையில் படும் வரிப்பள்ளங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் வண்டியில் முதலில் மாற வேண்டியது ரிம்.

கணக்கைப் பாருங்கள். 265/50 R20 டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் 132 மில்லிமீட்டர். ஹைலக்ஸுக்குக் கம்பெனியே கொடுக்கும் 265/65 R17இல் அது 172. வெளி விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 773, 776. ஆக, வண்டி உயரவில்லை, ரிம்தான் பெரிதாகி ரப்பர் மெலிந்திருக்கிறது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் இதனால் பெரிய தொல்லை இல்லை. மிரியிலிருந்து பாரியோ போகும் பாலாக் (வெட்டுமர லாரி) சாலையில் கூர்க்கல்லும் லாரித் தடமும்தான் வழி நெடுக. நல்ல வெயில் நாளிலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே அடியை வாங்கிக்கொள்ள வேண்டியது அந்த ரப்பர் சுவர். அதில் 40 மில்லிமீட்டர் குறைந்தால் அடி நேரே ரிம்மில் விழும். அலாய் ரிம் விரிசல் விட்டால் அந்தக் காட்டில் ஒட்டித் தர ஆள் இல்லை. இரும்பு ரிம் வளையும். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி எப்படியாவது ஊர் சேரலாம். அழகில்லை என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆகவே 17 அங்குலத்துக்கு, முடிந்தால் இரும்பு ரிம்முக்கு, மாறுங்கள்; அதற்குப் புது ரிம் வாங்கவும் தேவையில்லை. கிள்ளான் வட்டாரத்து ஹாஃப்கட் (பழைய வண்டி உதிரிபாக) கடைகளில் ஹைலக்ஸிலிருந்து கழற்றிய 17 அங்குல ரிம் செட்டாகவே கிடைக்கும். ஆறு துளை, 139.7 பிசிடி (துளை வட்டத்தின் விட்டம்) என்று கேளுங்கள். விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பேலன்ஸ் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ரிம்மோடு நட்டும் மாறலாம்: சில ரிம்முக்குக் கூம்பு நட்டு, சிலவற்றுக்குத் தட்டை வாஷர் நட்டு. தவறானதைப் போட்டால் ஓட ஓடக் கழன்றுவிடும். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முடுக்கச் சொல்லுங்கள்.

வண்டியின் அடியில் தொங்கும் ஸ்பேர் டயர் இன்னும் கம்பெனியின் 17 அங்குலம்தானா? அப்படியானால் ஐந்தாவது ரிம் கையிலேயே இருக்கிறது. அதிலுள்ள டயரின் வயதை மட்டும் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஒருநாளும் ஓடாத டயர்கூடக் கிழடாகும். பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

இனி மச்சானின் எம்டி. கூச்சிங்கிலிருந்து மிரி வரை 800 கிலோமீட்டர் தார்ச்சாலை. எம்டி டயர் அதில் இரைந்துகொண்டே வரும். நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது எனக்கு அது ஒப்பாது. ஏடி போடுங்கள், ஆனால் அளவுக்கு முன்னால் எல்டி (லைட் டிரக்) என்று அச்சிட்ட வகையாகப் பார்த்து. சாதாரண 265/65 R17இல் 112 என்ற எண் இருக்கும்; ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். எல்டியில் அது 120, அதாவது 1,400 கிலோ. எடையைவிட எனக்கு முக்கியம் அதன் தடித்த சுவர். கல் அவ்வளவு எளிதில் கிழிக்காது. சுவர் கிழிந்தால் பஞ்சர் குச்சி செருகிச் சமாளிக்க முடியாது.

இதில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. லாரி டயர் போலப் பாரம் சுமக்கும் டயர்களில் இயற்கை ரப்பரின் பங்கு அதிகம், ஏனென்றால் சூடும் கிழிசலும் குறைவு. நம் பாட்டன்மார் பால் மரம் சீவிய இந்தச் சிலாங்கூரில், ஷா ஆலமில் 1972 முதல் ஓடிய குட்இயர் தொழிற்சாலை 2024இல் மூடப்பட்டது. இப்போது கடையில் தேடினால் தாய்லாந்து டயர்தான் முன்னே வந்து நிற்கிறது.

காற்று: தாரில் 35 பிஎஸ்ஐ வைத்தால், கல்சாலை தொடங்கியதும் 25க்கு இறக்குங்கள். வேகம் 40ஐத் தாண்டக்கூடாது. தார் வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், ஆகவே 12 வோல்ட் கம்ப்ரெசர் கட்டாயம். வழியில் பாலாக் லாரி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வலப்பக்கம் மாறச் சொல்லிப் பலகை வைத்திருந்தால் அப்படியே மாறுங்கள். அந்தச் சாலையின் சட்டம் அது.

தேதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டிறுதி அங்கே பருவமழைக் காலம். களிமண் ஏடியின் பூவை அடைத்துக்கொண்டால் டயர் மொழுக்கென்று ஆகிவிடும். அப்போது மச்சான் சொன்னதுதான் சரி. ஆனாலும் டயரை மாற்றுவதைவிடப் பயணத்தை ஜூன், ஜூலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் மகன் மைவிக்கு 16 அங்குல ரிம்மும் 195/45 டயரும் போட ஆசைப்படுகிறான். அதிலேயே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை வழியாகக் கோத்தா பாரு போகலாமா?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: போகலாம், போகாமலிருப்பது நல்லது. அவன் கேட்கும் டயரின் சுவர் 88 மில்லிமீட்டர். மைவியின் 185/55 R15இல் 102, விலை குறைந்த ரகத்தில் வரும் 175/65 R14இல் 114. குழி விழுந்த மலைச்சாலைக்கு இந்த மூன்றில் சிறந்தது மலிவான ரகத்து டயர்தான். கம்பெனி போட்டுத் தந்ததை மாற்றாமல், பூ 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்; சட்டம் கேட்பது 1.6தான், மழைக்கு அது போதாது. 1982இல் திறந்த அந்தச் சாலையில் இருட்டிய பிறகு யானை குறுக்கே வரும், ஆதலால் பகலிலேயே கடக்க வேண்டும். பெட்ரோலைக் கிரிக்கில் நிரப்பிக்கொள்ளட்டும். ஜெலி வரை காடுதான்.