இல்லாமைக்கு ஒரு சான்றிதழ்

நுழையும்முன்
பள்ளிப் படிப்பு முடிந்ததும் பலர் வட்டாட்சியர் அலுவலகத்தை நாடுவர். அங்குப் பெறப்படும் ஒரு சான்றிதழின் பொருளை இப்பாடம் ஆராய்கிறது.

சான்றிதழ்கள் பெரும்பாலும் ஒருவரிடம் இருப்பதையே உரைப்பன. முதல் பட்டதாரி சான்றிதழோ ஒரு குடும்பத்தில் இல்லாததை உரைக்கிறது. இதுவரை அவ்வீட்டில் எவரும் பட்டம் பெற்றதில்லை என்பதே அதன் உள்ளடக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டு தோன்றியது. ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் கல்லூரி வாயிலை மிதித்தறியாத குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருந்தன. அவற்றிலிருந்து முதன்முதலாகத் தொழிற்கல்விக்கு வரும் மாணவரின் கற்பிப்புக் கட்டணத்தை 2010-2011ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின்வழி இடம்பெற்றவர்க்கே இச்சலுகை உண்டு. சாதி வேறுபாடோ வருமான உச்சவரம்போ இல்லை. இது கருதத்தக்கது. நிலமும் கடையும் உடைய வீட்டிலும், எந்தக் கல்லூரியை முதலில் தெரிவு செய்வது, எந்தப் பாடப்பிரிவுக்கு என்ன எதிர்காலம் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமற்போகலாம். வறுமை வேறு, வழிகாட்டி இன்மை வேறு.

விண்ணப்பத்தில் தந்தைவழி, தாய்வழித் தாத்தா பாட்டியர், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் கல்வி நிலை கேட்கப்படுகிறது. பெட்டியின் அடியில் பல்லாண்டுகள் கிடந்த தாயின் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ், மகளின் கல்லூரிக்காக வெளியே வருகிறது. (பள்ளியையே காணாத பாட்டிக்கு அதுவும் இராது.) கிராம நிருவாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தபின் துணை வட்டாட்சியர் சான்றிதழ் வழங்குகிறார்.

இத்தகைய மாணவரை வேறு நாடுகளும் அடையாளம் காண்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1980இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கு வரையறை தரப்பட்டது. பெற்றோர் இருவரும் இளநிலைப் பட்டம் பெறாதவராயின், அவர்தம் பிள்ளை முதல் தலைமுறை மாணவர். தாத்தா பாட்டியரும் உடன்பிறந்தோரும் அங்குக் கணக்கில் வருவதில்லை. ஆதலின் ஒரு வீட்டின் பிள்ளைகள் அனைவரும் அத்தகுதி பெறலாம்.

தமிழ்நாட்டு விதியில் ஒரு குடும்பத்துக்கு ஒருவரே முதல் பட்டதாரி. சொல்லளவில் இது பொருந்தும்; முதல் என்பது ஒன்றுதானே! ஆயினும், தமக்கை பட்டம் பெற்றதனால் தந்தையின் கூலி உயர்ந்துவிடுவதில்லை. தம்பிக்குப் புதிதாகக் கிடைப்பது, ஐயம் கேட்க வீட்டில் ஒருவர் என்பது மட்டுமே. அதனை நான்காண்டுக் கட்டணத்துக்கு ஈடாகக் கொள்வது மிகை மதிப்பீடே ஆகும். தமக்கை சலுகை எதனையும் பெறாமல், அரசு கலைக் கல்லூரியில் இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவராக இருக்கலாம். அப்போதும், பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் தம்பிக்கு இச்சான்றிதழ் கிடைப்பதில்லை.